ஒலியிலிருந்து எழுத்துக்கு: மீஞ்சூரில் எங்கள் வாரத் திட்டம்



மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஆங்கிலப் பாடத்தை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை தங்குதடையின்றி ஒப்பிக்கிறது. பெற்றோர் மகிழ்கின்றனர். அதே பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கையால் மறைத்து, "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை மௌனமாகிவிடுகிறது. அது இதுவரை வாசித்ததில்லை. மனப்பாடம் செய்து வந்திருக்கிறது. அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் இரவுப் பணி பார்த்துப் பள்ளிக் கட்டணம் செலுத்தும் தந்தைக்கு இது தெரிவதில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாடங்கள் நீளும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும். அப்போது பிள்ளைக்குப் 'படிப்பு வராது' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

மீஞ்சூரில் நாங்கள் இரண்டு குடும்பத்தார் சேர்ந்து, ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் நாள்தோறும் இருபது நிமிட ஒலிப் பயிற்சி நடத்தி வருகிறோம். பள்ளிகளில் 'ஃபோனிக்ஸ்' என்று வழங்கப்படுவது இதுவே. எழுத்தின் பெயரை முதலில் சொல்லித்தராமல் அதன் ஒலியைச் சொல்லித்தருவது. ஒலிகளை இணைத்துச் சொல்லாக்கப் பழக்குவது. எங்கள் வாரத் திட்டத்தை மற்றக் குடும்பங்களும் பயன்படுத்தக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இந்த முறை நமக்குப் புதிதன்று. மக்தபில் நூரானி காயிதா ஓதும் பிள்ளையைக் கவனியுங்கள். ஜபர், ஜேர், பேஷ் என்று ஒவ்வோர் எழுத்தையும் ஹிஜ்ஜே செய்து, பிறகு இணைத்து, சொல்லாக்கி ஓதுகிறது. உஸ்தாது பக்கத்தின் நடுவில் குச்சியை வைத்து "இதை ஓது" என்கிறார். மனப்பாடமா வாசிப்பா என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் அவர்கள், தமது அகராதியை எழுத்து வரிசையில் அமைக்காமல், தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் ஒலிப்பிட வரிசையில் அமைத்தார்கள். தஜ்வீத் கலையில் மக்ரஜ்கள் பதினேழு என்று பயில்கிறோம். தமிழிலும் தொல்காப்பியத்தின் பிறப்பியல், எந்த ஒலி எங்கே பிறக்கிறது என்பதையே விளக்குகிறது. செவியும் நாவும் முதலில், கண்ணும் கையும் பிறகு என்பது நம் இரு மரபுகளுக்கும் பொதுவான பாடம். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளைக் கூட்டி எழுத்துகளைப் புதிதாய் அமைத்துக்கொண்டதும் ஒலிகளைக் கூர்ந்து கேட்டதன் பயனே.

எனவே நம் பிள்ளைகளிடம் ஒரு செல்வம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து, 'பால்' என்பதில் ஓர் ஒலியாகவும் 'அம்பு' என்பதில் வேறோர் ஒலியாகவும் நிற்கிறது. அரபியில் 'பால்' என்பதன் முதல் ஒலி இல்லை, ஆனால் 'அம்பு' என்பதில் ஒலிக்கும் 'பா' உண்டு, 'ஃபா' உண்டு, 'ஸா'வும் உண்டு. இரண்டையும் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் பெரும்பாலான மெய்யொலிகள் பழக்கமானவையே. தமிழ் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும், அரபு எழுத்தின் மேல் இடும் ஸுகூனும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இங்கே உயிரொலி இல்லை. இதைப் பிள்ளைக்கு நினைவூட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. அகர வரிசையில் தொடங்கினால் சொல் உருவாக வெகுநாளாகும். ஆகவே எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறிலிருந்து தொடங்குகிறோம். இந்த ஆறின் ஒலிகளைக் கொண்டே ஸிட், டின், பின், டிப், ஸிப் எனப் பல சொற்களைப் பிள்ளை தானாக வாசித்துவிடும். முதல் மாதத்திலேயே 'எனக்கு வாசிக்க வருகிறது' என்ற எண்ணம் அதன் உள்ளத்தில் விழுவது பெரிது. வாரத்திற்கு இரண்டு ஒலிகள் வீதம் 22 வாரங்கள். ரமலானுக்கும் பெருநாள்களுக்கும் தேர்வுகளுக்கும் மீள்பார்வைக்கும் இடம் விட்டால் ஒரு கல்வியாண்டு.

திங்கட்கிழமை புதிய ஒலிகள். முதல் ஐந்து நிமிடம் எழுத்தைக் காட்டுவதே இல்லை. ஒலியைச் சொல்கிறோம், அந்த ஒலியில் தொடங்கும் பொருள்களைப் பிள்ளைகள் வீட்டிற்குள் தேடி எடுத்து வருகிறார்கள். பிறகுதான் எழுத்து. தட்டில் அரிசி மாவைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை இணைத்தல். மூன்று பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்தட்டையுடன் விலகி நின்று தத்தம் ஒலியைச் சொல்கிறார்கள். ஒவ்வோர் அடியாக நெருங்கி வந்து தோளோடு தோள் சேரும்போது சொல் பிறந்துவிடுகிறது. ஸஃப்பில் நிற்பது போல் நெருங்குங்கள் என்றால் அவர்களுக்கு உடனே விளங்குகிறது.

புதன்கிழமை பிரித்தல். நாங்கள் சொல்லைச் சொல்வோம்; எத்தனை ஒலி கேட்கிறதோ அத்தனை புளியங்கொட்டைகளைப் பிள்ளை வரிசையாக வைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கொட்டையின் இடத்திலும் எழுத்தை எழுத வேண்டும். எழுத்துப் பிழைகள் குறைவது இந்த நாளால்தான்.

வியாழக்கிழமை, படித்த ஒலிகளால் மட்டுமே அமைந்த இரண்டு மூன்று சிறு தொடர்களை வாசித்தல். ஒலி விதிக்கு அடங்காத ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றில் வாரத்திற்கு இரண்டை மட்டும் கண்ணால் அடையாளம் காணப் பழக்குகிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

சனிக்கிழமை விளையாட்டும் சோதனையும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலிவாசிப்புச் சோதனை நடக்கிறது. வாசிக்கத் தரும் 40 சொற்களில் 20 பொருளற்றவை, இட்டுக்கட்டியவை. முன்பின் பார்த்திராத சொல்லை மனப்பாடத்தால் சொல்ல இயலாது அல்லவா? நாங்களும் 'டிஸ்', 'பிட்டின்' போன்றவற்றை உண்மைச் சொற்களோடு கலந்து எழுதி, "இவை வேற்றுக் கிரகத்தாரின் பெயர்கள்" என்று சொல்லி வாசிக்கச் செய்கிறோம். பிள்ளைகள் மிகவும் விரும்பும் நாள் இதுவே. தடுமாறும் ஒலிகளைக் குறித்துக்கொண்டால் அடுத்த வாரத்தின் திட்டம் தானே அமைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன். சில வாரம் தமிழ்க் கதை வாசிப்பு. சில வாரம் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகள். ஒருமுறை இரயில் நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். பலகையில் தமிழில் 'மீஞ்சூர்' என்றிருந்ததை எளிதாக வாசித்த சிறுமி, ஆங்கில எழுத்துகளை ஒலி ஒலியாய்க் கூட்டி "மின்ஜர்" என்றாள். கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் கற்ற விதிப்படி வாசித்தது முற்றிலும் சரி என்று அங்கேயே பாராட்டினோம். தமிழ் நெடிலுக்கும் குறிலுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது; ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இரண்டுக்கும் நின்றுவிடுவதுண்டு. அந்த வேறுபாட்டை அவள் அன்று தானாகவே கண்டுகொண்டாள்.

"இங்கிலீஷே தெரியாத நான் எப்படிம்மா சொல்லிக் குடுக்கிறது?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். தாய்மார்களிடம் நாங்கள் வேண்டுவது கேட்பதை மட்டுமே. பிள்ளை பஸ் என்பதை 'பஸ்ஸு' என்றும் கப் என்பதை 'கப்பு' என்றும் சொல்கிறதா என்று கேளுங்கள். சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது தமிழ் நாவின் இயல்பு. வீட்டுப் பேச்சில் அதில் குற்றமில்லை. ஆனால் ஒலிகளைக் கூட்டும்போது 'ஸு, இ, டு' என்று சொன்னால் 'ஸிட்' ஒருநாளும் வராது. "ஸுகூன் வைத்துச் சொல்" என்று ஒரு தாய் சொன்னால் போதும், பிள்ளை திருத்திக்கொள்ளும். அவ்வாறே ஸ்கூல் என்பதைப் பிள்ளை 'இஸ்கூல்' என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். செந்தமிழ்ச் சொல்லும் சரி, அரபுச் சொல்லும் சரி, இரு மெய்யொலிகள் அடுத்தடுத்து நிற்கத் தொடங்குவதில்லை. அத்தகைய சொற்களை நாங்கள் ஆண்டின் பிற்பகுதிக்கு ஒத்திவைக்கிறோம்.

ஆங்கிலத்திற்கு இவ்வளவு முயற்சி வேண்டுமா, மார்க்கக் கல்வி பின்தங்காதா என்று சிலர் வினவுகின்றனர். மக்தப் நேரத்தை நாங்கள் தொடுவதில்லை. முதல் இறைச்செய்தியே 'ஓதுவீராக' என்ற கட்டளையோடு இறங்கியது. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமிழும் பின்தங்கலாகாது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்ற நோக்கில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம் அமைந்தது. நாங்களும் வயதைப் பார்த்துக் குழு பிரிப்பதில்லை; எந்த ஒலி வரை வந்திருக்கிறது என்பதையே பார்க்கிறோம்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை. பல வாரங்கள் கடந்தும் ஒலிகள் பிடிபடாத பிள்ளையின் செவியையும் பார்வையையும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். 'மந்தம்' என்ற சொல்லை வீட்டிலும் வகுப்பிலும் உச்சரிக்க வேண்டாம். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். திணறலை இகழாத மார்க்கம் நம்முடையது. அந்தக் கனிவு, பிள்ளை எந்த மொழியில் தடுமாறினாலும் நம் முகத்தில் தெரிய வேண்டும்.

குறைவாயினும் விடாது தொடரும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதும் நபிமொழியே. ஞாயிறன்று மூன்று மணி நேரம் அமர்த்திப் படிக்க வைப்பதைவிட, நாளுக்கு இருபது நிமிடம் பயன் தருகிறது. விலையுயர்ந்த அட்டைகளோ செயலிகளோ தேவையில்லை. ஒரு தட்டு மாவும், கைப்பிடிப் புளியங்கொட்டையும், வேளை தவறாத ஒருவரும் போதும். வரும் திங்கட்கிழமை இரண்டே ஒலிகளோடு உங்கள் வீட்டில் தொடங்கிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்கி, அவர்கள் நாவின் முடிச்சுகளை அவிழ்த்தருள்வானாக. ஆமீன்.