காரீயம் காத்த வால்வு

ஈயமில்லாத பெட்ரோல் ஊற்றினால் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு சீட் தேய்ந்துவிடும் என்னும் அச்சம், 1995 ஏப்ரலில் இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் அப்பெட்ரோல் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட பின்னரும் தீர்ந்தபாடில்லை. இதன் மூலத்தைத் தேடிச் சென்றால், தேடல் வால்வில் அல்லாமல் ஓர் ஓசையில் போய் முட்டுகிறது.

சிலிண்டரில் அழுத்தப்பட்ட கலவையின் ஒரு பகுதி, பிளக்கில் பிறந்த சுடர் வந்து சேருமுன் தானே தீப்பற்றி உலோகத்தைத் தட்டுவதுபோல் ஒலிப்பதே நாக்கிங் ஆகும். அதை அடக்கும் பொருளைத் தேடிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பர் 9 அன்று ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் டெட்ரா எத்தில் ஈயத்தின் ஆற்றலைக் கண்டறிந்தார். 1923-இல் விற்பனைக்கு வந்தபோது அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'எத்தில்' என்பது மட்டுமே. ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்னும் வழக்கு இதைவிடப் பொருந்தும் இடம் அரிது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நஞ்சேறித் தொழிலாளர் ஐவர் மாண்டனர். இவ்வரலாற்றின் தொடக்கத்தில் வால்வைக் காப்பது நோக்கமாகவே இருக்கவில்லை.

அந்தக் காப்பு பின்னர் தெரியவந்த பக்கவிளைவு. புகை வெளியேறும் வால்வு செந்தழலாய்ச் சூடேறி, வார்ப்பிரும்பு சீட்டின் மீது மோதி மூடும்போது இரண்டும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது சீட்டின் துணுக்குகளைப் பெயர்த்தெடுக்கின்றன. எரிந்த ஈயத்தின் மெல்லிய படலம் இடையே நின்று அதைத் தடுத்தது. படலம் இல்லையெனில் சீட் தேய்ந்து வால்வு உள்ளிறங்க, டேப்பட் இடைவெளி குறைந்து, இறுதியில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும்.

எனினும் இவ்விதி எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. 1955 முதல் சென்னையில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பாயினும் ஹெட் அலுமினியம். மென்மையான அலுமினியம் வால்வின் அடியைத் தாங்காது என்பதால் சீட் தனி வளையமாகப் பொருத்தப்பட்டது. புல்லட்டின் கம்ப்ரஷனும் குறைவு. சந்தேகம் உள்ளவர் குளிர்ந்த எஞ்சினின் டேப்பட் மூடியைத் திறந்து, இரு வால்வும் மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்கலாம்: மேலும் கீழும் ஆடாமல், ஆயினும் தடையின்றிச் சுழல வேண்டும். சரிசெய்தபின் அடிக்கடி இறுகினால் மட்டுமே சீட் தேய்வதாக ஐயுற இடமுண்டு.

இரும்பு ஹெட் வண்டியை நெடுஞ்சாலையில் விடாது விரட்டுவோருக்கு அச்சம் நியாயமே. அவர்கள் லேத் பட்டறையில் கடின சீட் பொருத்திக்கொள்வது நல்லது. 1923-க்கு முந்தைய எஞ்சின்கள் ஈயத்தை அறியாமலே ஓடின என்னும் வாதம் அழகானது. ஆனால் ஹெட்டையோ வால்வையோ அடிக்கடி கழற்றி வால்வு கிரைண்டிங் செய்வது அக்காலத்தில் வாடிக்கை என்பதை அவ்வாதம் மறைத்துவிடுகிறது.

இன்று பழைய வண்டிக்கு நேரும் தொல்லை பெரும்பாலும் பெட்ரோலில் இல்லாத ஈயத்தால் அன்று, அதில் சேர்ந்துவிட்ட எத்தனாலால் வருகிறது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிதாக்குவதால் கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க நேரலாம்; பழைய ரப்பர் குழாய் உப்பி வெடிக்கும்; மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கிலோ, காற்றின் ஈரத்தை உறிஞ்சிய எத்தனால் நீரோடு பிரிந்து அடியில் தங்கி, தகட்டைத் துருப்பிடிக்கச் செய்து அரிக்கிறது.