சட்டிக்கு வந்த இத்தி

கிளிநொச்சியில் சோளகம் புழுதியை வாரி இறைக்கிற மத்தியானம். கிணற்றடி நிழலில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஆழமில்லாத மண்சட்டி. அதில் இரண்டு சாண் உயரத்தில் ஓர் இத்தி. நாளைக்குப் பொன்சாய்க் கண்காட்சி.

பெரியவர் குறட்டால் கம்பியை வளையம் வளையமாக நறுக்கி எடுக்கிறார். சுற்றை அவிழ்க்கப் போனால் கொப்பு முறியும். ஒன்றரை மாதத்துக்கு முன்பு மரத்தை மொட்டையாக்கியிருந்தார். இப்போது நிற்பதெல்லாம் புதிதாய் வந்த சின்ன இலைகள். துருத்திக்கொண்டு நிற்கும் ஒன்றைக் கிள்ளியதும் பால் துளிர்க்கிறது, உடனே ஈரத்துணியால் ஒற்றுகிறார். பழைய பல்லுப் பிரஷ் வேர்களுக்கிடையில் போய் வருகிறது. சட்டிக்குத் தேங்காயெண்ணெய், தொட்டும் தொடாமலும்.

பாசிக்குத்தான் பெரும்பாடு. இந்த வெயிலில் பச்சைப் பாசிக்கு எங்கே போவது? கிணற்றுக்கட்டின் உட்பக்கத்தில் சுரண்டியதைக் கரண்டியில் ஏந்தி வருகிறாள் பேத்தி. அவர் அதைத் துண்டு துண்டாக மண்ணில் வைத்து அமத்துகிறார். அவள் கண் வேரில். நீலம் பூசிய சுவர்க்காரைக் கட்டியொன்றை வேர் கவ்விப் பிடித்திருக்கிறது.

"அப்பப்பா, இதைத் தோண்டி எடுக்கட்டே? வடிவில்லாமல் கிடக்கு."

"அதில கை வையாதை பிள்ளை."

வளர்த்த கையின் அடையாளத்தை அழிப்பதுதான் இந்த ஆயத்தமெல்லாம். கம்பி போய்விட்டது, கட்டி மட்டும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பார்க்க வடிவில்லைத்தான்.

2008இல் விட்டுப்போன வீடு. 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை. குசினிச் சுவரின் வெடிப்பில் இது விரல் மொத்தத்தில் நின்றது.

ஹிரோஷிமாக் குண்டுக்குத் தப்பிய வெண்பைன் பொன்சாய் ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. 1976இல் ஜப்பானிலிருந்து பரிசாகப் போனது. வளர்த்த யமாகி குடும்பத்துப் பேரன்மார் 2001இல் போய்ச் சொல்லும்வரை, அது குண்டுக்குத் தப்பிய மரமென்று அங்கே பராமரித்தவர்களுக்கே தெரியாது.

பேத்தி கண்காட்சிப் படிவத்தை மடியில் விரிக்கிறாள்.

"வயசு எத்தினை போடுறது?"

"சட்டிக்கு வந்தது 2010 எண்டு போடு."

"மரத்தின்ர வயசெல்லோ கேட்டிருக்கு."

"முளைக்கேக்கை ஆர் இஞ்சை இருந்தது?"

அவள் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, அடுத்ததில் உயரம் எழுத அடிமட்டம் தேடுகிறாள்.