ரெண்டு சாவியும் ஒரே கொத்தில்

திண்டுக்கல்காரனிடம் பூட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டு சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. அதிலும் 2019-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது, கேட்கவா வேண்டும்! அந்தப் பெருமையெல்லாம் இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒரே விஷயம்தான். பூட்டு வாங்கினால் கூடவே ரெண்டு சாவி கொடுப்பார்கள். ஒன்று கையில் இருக்க, இன்னொன்று எங்காவது பத்திரமாக இருக்க. இந்த ரெண்டையும் ஒரே கொத்தில் மாட்டிக்கொண்டு திரியும் ஆள் நான். அம்மா எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அதே காரியத்தை கம்ப்யூட்டரிலும் செய்து, அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்ட சோகக்கதைதான் இது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் செகண்ட் ஹேண்ட். அதை வைத்துத்தான் அக்கா டைப்பிங் வேலை பார்க்கிறாள். பி.எட். ரெக்கார்டு, எம்.ஏ. ப்ராஜெக்ட், எப்போதாவது ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் கீபோர்டு சத்தம் கேட்கும். என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தச் சத்தத்திலிருந்து வந்ததுதான், மறைப்பானேன்.

அக்காவின் வேகத்துக்குக் காரணம் விரல் மட்டும் இல்லை. வேர்டில் ஆட்டோகரெக்ட் என்று ஒன்று இருக்கிறதே, தப்பாக அடித்ததைத் திருத்துவதற்கு, அதை அவள் வேறு மாதிரி பயன்படுத்துவாள். 'திமா' என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் 'திண்டுக்கல் மாவட்டம்' என்று வந்து விழும். 'ஆநோ' என்றால் 'ஆய்வின் நோக்கங்கள்'. 'மகாப' என்றால் 'மதுரை காமராசர் பல்கலைக்கழகம்'. இப்படி ஐந்து வருஷமாகச் சேர்த்தது அறுநூறுக்கு மேல் இருக்கும். எந்த நெறியாளருக்கு 'ஆய்வேடு' பிடிக்கும், யாருக்கு 'ஆய்வறிக்கை' என்றுதான் போடவேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. யாரும் உட்கார்ந்து ஒரே நாளில் எழுதிய பட்டியல் இல்லை. ஒவ்வொரு வேலையிலும் ரெண்டு மூன்றாகச் சேர்ந்தது.

இதெல்லாம் எங்கே இருக்கும் தெரியுமா? அக்கா அடித்த ஃபைல்களுக்குள் இல்லை. விண்டோஸில் ஒவ்வொருவர் பெயரிலும் ஆப்டேட்டா என்று ஒரு ஃபோல்டர் உண்டு, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருப்பார்கள். அதற்குள் ரோமிங், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஆஃபீஸ். அங்கே ஏசிஎல் என்று முடியும் சின்னச் சின்ன ஃபைல்கள், மொழிக்கு ஒன்றாக. தமிழுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எண் 1097, அதனால் ஃபைல் பெயரிலும் 1097 வரும். (ரோமிங் என்ற பெயரே, பெரிய ஆஃபீஸ்களில் ஒருவர் எந்த மெஷினில் போய் உட்கார்ந்தாலும் அவருடைய செட்டிங்ஸ் பின்னாலேயே வரவேண்டும் என்பதற்காக வந்தது. எங்கள் வீட்டில் அது ரோமிங் போக ஹாலைத் தவிர வேறு இடம் இல்லை.)

இந்த இடம் எனக்கு 2022-லேயே தெரியும். சின்னாளபட்டியில் அக்காவின் தோழி ஒருவரும் இதே வேலைதான் பார்க்கிறார். 'உன் சுருக்கமெல்லாம் எனக்கும் வேணும்டி' என்று அவர் கேட்க, ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் இணையத்தில் தேடிப்பிடித்து, அந்த ஃபைலை மெயிலில் அனுப்பினேன். அன்றிலிருந்து வீட்டில் நான் கம்ப்யூட்டர் மேதை. வினையே அங்கேதான் ஆரம்பம்.

மேதை சும்மா இருப்பாரா? போன வருஷம், 'அக்காவின் செட்டிங்ஸுக்கு பேக்கப் எடுக்கிறேன்' என்று கிளம்பினேன். விண்டோஸோடு ரோபோகாப்பி என்று ஒன்று வருகிறது, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுவது. அதில் எம்.ஐ.ஆர். என்று சேர்த்தால், சி டிரைவில் இருக்கும் ஃபோல்டரை டி டிரைவில் அச்சு அசலாக வைத்துக்கொள்ளும். 'மிரர்' என்பதன் சுருக்கம். கண்ணாடி! தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத் தானாக ஓடும்படி ஏற்பாடு செய்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்த பிப்ரவரியில் கம்ப்யூட்டர் ரொம்பவும் திணற ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை சி டிரைவை ஃபார்மட் பண்ணி, விண்டோஸ், வேர்டு எல்லாம் புதிதாகப் போட்டேன். பயமே இல்லை, டி டிரைவில்தான் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே. 'காலைல எடுத்துப் போட்டுத் தரேன்க்கா' என்று சொல்லிவிட்டேன். படுக்கப்போகும் முன் ஒரு நல்ல காரியமும் செய்தேன். ஒன்பது மணி ஏற்பாட்டை மறுபடியும் போட்டுவைத்தேன்.

மணி ஒன்பது ஆனது. ரோபோ எழுந்தது. சி-யில் பார்த்தது, அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி எல்லாம் காலி. டி-யில் பார்த்தது, என்னென்னவோ கூடுதலாக இருக்கிறது. கண்ணாடியின் தர்மப்படி, அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக்கூடாது. துடைத்துவிட்டது. ரீசைக்கிள் பின்னிலும் போடாது அது. மீட்பு மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஃபைலின் பெயர் கிடைத்தது, உள்ளே வெறும் குப்பை.

ஞாயிறு காலை அக்கா 'ஆநோ' என்று அடித்தாள். ஆநோ என்றே நின்றது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள்.

'என்னடா பண்ணி வெச்சே?'

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் நாலு ப்ராஜெக்ட் கொடுக்கவேண்டும்.

யோசித்துப் பார்த்தால் ரோபோ மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் செய்தது. நான் கேட்டது பேக்கப் இல்லை, ஒத்திசைவு. சிங்க் என்கிறோமே, அது. ரெண்டு மெஷின் வைத்திருப்பவருக்கு ஒத்திசைவு வரம். ஆஃபீஸில் மாற்றியது வீட்டிலும் மாறியிருக்கும். ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் யாரோடு ஒத்துப்போவது? தன் தப்போடுதான். மெஷினில் இருப்பது அழிந்தால் அந்த அழிவையும் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும். ஒத்திசைவுக்குத் தெரிந்தது 'இப்போது' மட்டும். எனக்கு வேண்டியிருந்ததோ 'நேற்று'.

வெட்கம் என்னவென்றால் நான் படிப்பது பி.காம். பிழைத்திருத்தம் என்று பாடமே படித்தவன். குறிப்பேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது. தப்பு அங்கேயே இருக்கட்டும், அதைத் திருத்தி இன்னொரு பதிவு போடு என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் பதிவாகவேண்டும், அந்தத் தடத்தை நிறுத்திவைக்கவும் முடியக்கூடாது என்பது விதி. அதற்கு முந்தின வருஷம், 2022 ஆகஸ்டில், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் ஏறவேண்டும் என்று மாற்றினார்கள். அதுவரை 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய கைதான் எம்.ஐ.ஆர். என்று அடித்தது :-)

என்னைப்போல் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப்பேர் இருப்பார்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலாவியில் லாகின் பண்ணி வைத்திருக்கிறேன், புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்பார்கள். ஃபயர்ஃபாக்ஸின் உதவிப் பக்கங்களே அவர்களுடைய சிங்க் ஒரு பேக்கப் சேவை இல்லை என்று சொல்கின்றன. அங்கே சேமிப்பதை உங்கள் பாஸ்வேர்டை வைத்தே பூட்டுகிறார்கள், அவர்களாலேயே திறக்க முடியாதபடி. நல்ல பூட்டுதான், எங்கள் ஊர்க்காரன் ஒத்துக்கொள்ளும் பூட்டு. ஆனால் மீட்புச் சாவியும் எடுத்து வைக்காமல், பாஸ்வேர்டையும் மறந்து, புதிதாக மாற்றினால் மேலே இருப்பது போய்விடும். கையில் இருக்கும் மெஷினிலிருந்துதான் மறுபடி நிரம்பவேண்டும். இருந்த ஒரே மெஷினும் செத்துப்போயிருந்தால்? அதே ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகளுக்கு மட்டும் தேதி போட்டுத் தனித்தனிப் பிரதி எடுத்துவைக்கிறது, பதினைந்து வரைக்கும். ஒன்று கெட்டால் முந்தின தேதிக்குப் போகலாம். ஆனால் அதுவும் அதே டிஸ்கில்தான். ரெண்டு சாவி, ஒரே கொத்து!

சரி, அக்கா கதைக்கு வருவோம். திங்கட்கிழமை காலை சின்னாளபட்டி பஸ் ஏறுமுன் அக்காவே போன் போட்டாள். 'ஏன்டி, அன்னைக்கு தம்பி மெயில்ல ஒண்ணு அனுப்புனானே...' தோழியின் இன்பாக்ஸில் 2022-ல் நான் அனுப்பிய ஃபைல் அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டதும் 'திமா' திண்டுக்கல் மாவட்டமாக விரிந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மெனக்கெட்டு எடுத்த பேக்கப் காலி. பேக்கப் என்று நினைக்காமல் யாருக்கோ கொடுத்ததுதான் கை கொடுத்தது.

ஆனால் அது 2022 வரைக்கும்தான். அதற்குப் பின் சேர்த்த இருநூற்றுச் சொச்சம் திரும்பவில்லை. நாலு ப்ராஜெக்டில் மூன்றைத்தான் செவ்வாய்க்கிழமை கொடுக்க முடிந்தது. நாலாவது பையன் வேறு இடத்துக்குப் போய்விட்டான். அந்தப் பணத்தை அக்கா என்னிடம் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எம்.ஐ.ஆர். இல்லை. ஞாயிறுதோறும் அந்த ஃபோல்டரை, அன்றைய தேதியையே பெயராக வைத்து, ஒரு பென்டிரைவில் புதிதாகக் காப்பி எடுக்கிறேன். பழையதைத் தொடுவதில்லை. எல்லாம் சின்ன ஃபைல்கள், வருஷம் முழுக்க எடுத்தாலும் இடம் நிறையாது. மாதம் ஒருமுறை ஒரு பிரதி சின்னாளபட்டிக்கு மெயிலில் போகிறது. ஃபார்மட் பண்ணினால், பழையதை எடுத்துப்போட்டுச் சரிபார்த்த பிறகுதான் மற்ற ஏற்பாடெல்லாம்.

போன வாரம் அக்கா 'நெநன்' என்று அடித்துவிட்டு ஸ்பேஸ் தட்டிக் காத்திருந்தாள். ஒன்றும் விரியவில்லை. 'இதுவும் அதுக்கப்புறம் போட்டதுபோல' என்று முனகிக்கொண்டே, 'நெறியாளருக்கு நன்றி' என்று முழுசாக அடித்தாள்.