மதிப்பெண் இல்லாத தேர்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "எத்தனை மதிப்பெண்?" என்பது. அடுத்த வினா, "வகுப்பில் எத்தனையாவது இடம்?" என்பது. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூற இயலாத தேர்வு ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முனைவர் பட்டத்திற்குப் பயில்வோர் பெரும்பாலும் அதனைக் கடந்தே செல்ல வேண்டும். "காம்ப்ரிஹென்சிவ்" தேர்வு என்பது அதன் பெயர். மாணவர் வழக்கில் "காம்ப்ஸ்". தமிழில் முழுமைத் தேர்வு எனலாம். நம் பள்ளியில் இன்று ஆத்திசூடி ஒப்பிக்கும் சிறார் சிலரேனும் நாளை அத்தேர்வின் வாயிலில் நிற்பர். அந்நாளில் அவர்களும் அவர்தம் பெற்றோரும் கலங்காதிருக்க, அதனை எழுதித் தேறிய எங்கள் இருவரின் பட்டறிவு உதவும் என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

முனைவர் பட்டம் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி அமெரிக்காவில் தோன்றியது. யேல் பல்கலைக்கழகம் 1861 ஆம் ஆண்டில் மூவருக்கு அப்பட்டத்தை வழங்கியது. இந்நாட்டில் அளிக்கப்பெற்ற முதல் முனைவர் பட்டங்கள் அவையே. பிரித்தானிய மரபில் மாணவர் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஆய்வில் இறங்கி, ஆய்வேடு எழுதி, இறுதியில் வாய்மொழித் தேர்வில் அதனை நிலைநாட்டுவர். அமெரிக்க மரபிலோ முதலில் வகுப்புப் பாடங்கள், அடுத்து முழுமைத் தேர்வு, அதன் பின்னரே ஆய்வேடு. தாயகத்தில் பயின்ற பெற்றோர் பலருக்கு இந்த நடுப்படி புதியது. "சென்று மூன்று ஆண்டுகள் ஆயினவே, இன்னுமா தேர்வு?" என்று எங்கள் வீட்டாரும் மடல் எழுதினர். இத்தேர்வில் வென்றவரே முறைப்படி பட்டத்திற்கு உரிய "கேண்டிடேட்" ஆவார். அவருக்கு எஞ்சியிருப்பது ஆய்வேடு ஒன்றே.

தேர்வின் வடிவம் துறைக்குத் துறை வேறுபடும். எங்களில் ஒருவர் வரலாறு பயின்றார். அவர் மூன்று பிரிவுகளைத் தெரிவு செய்தார். ஒவ்வொரு பிரிவிற்கும் ஒரு பேராசிரியர், ஒரு நூற்பட்டியல். மூன்றையும் கூட்டினால் இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள். அவற்றைப் படிக்க ஓர் ஆண்டு. பின்னர் மூன்று நாள் எழுத்துத் தேர்வு. அதன்பின் இரண்டு மணி நேரம் வாய்மொழித் தேர்வு. மற்றவர் வேதியியல் பயின்றார். அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தேர்வு நடந்தது. வினா எப்பொருளிலிருந்து வரும் என்று முன்கூட்டி அறிவிக்கமாட்டார்கள். புதிய ஆய்விதழ்களைத் தொடர்ந்து படித்தவரே எழுத இயலும். குறித்த எண்ணிக்கையில் தேறிய பிறகு, எவரும் சொல்லித் தராத ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வுக் குழுவின் முன் கரும்பலகையருகே நின்று விளக்க வேண்டும்.

இருநூறு நூல்களை மனப்பாடம் செய்தல் எவராலும் இயலாது. அதனை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பட்டை வைத்தோம். அதில் எழுதியவை மூன்றே: இவ்வாசிரியர் நிறுவ முயல்வது யாது? யாருடைய கருத்தை மறுக்கின்றார்? எந்தச் சான்றைக் கொண்டு மறுக்கின்றார்? சமையலறைச் சுவரிலும் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் அவ்வட்டைகளை ஒட்டி வைத்தோம். ஒருவர் சோறு வடிக்க, மற்றவர் அட்டையைப் பார்த்து வினவுவார். தேர்வுக்கு முந்திய வாரம் நண்பர் நால்வரை விருந்துக்கு அழைத்து, உணவு முடிந்ததும் அவர்களையே தேர்வுக் குழுவாக அமர்த்தினோம். உண்ட சாம்பாருக்குச் சிறிதும் நன்றி பாராட்டாமல் அவர்கள் வினாக்களைத் தொடுத்தனர். அதுவே எங்களுக்குப் பெரிதும் உதவியது.

வாய்மொழித் தேர்வின் இயல்பைப் பெற்றோர் அறிதல் நன்று. முதல் வினா எளிதாக இருக்கும். விடை கூறினால் அதைவிட அரிய வினா வரும். அதற்கும் விடை கூறினால் இன்னும் அரியது வரும். மாணவர் "அறியேன்" என்று சொல்லும் இடம் வரை பேராசிரியர்கள் செல்வர். இது கொடுமையன்று. அறிவின் எல்லை எங்கே உள்ளது என்பதையும், அவ்வெல்லையில் நின்று மாணவர் என்ன செய்கின்றார் என்பதையும் காண்பதே அவர்கள் நோக்கம். அங்கே புனைந்துரைப்பவர் தடுமாறுவார். "இதற்கு விடை அறியேன், ஆயினும் இன்ன ஆவணங்களில் தேடுவேன், இன்ன சோதனையைச் செய்து பார்ப்பேன்" என்று கூறுபவர் தேறுவார். ஆய்வு என்பதே அறியாத இடத்தில் தொடங்கும் பணியன்றோ! வினாக்கள் முடிந்ததும் மாணவரை வெளியே அனுப்பிக் குழுவினர் கலந்து பேசுவர். கதவு திறந்து, தலைவர் கை குலுக்கினால் தேர்ச்சி. சிலருக்கு ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதுமாறு கூறுவதும் உண்டு. பொதுவாக இரண்டாம் வாய்ப்பு ஒன்று அளிக்கப்படும். அதிலும் தவறினால் பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துடன் வெளியேற வேண்டும். உதவித்தொகையும் அத்துடன் நின்றுவிடும்.

எங்கள் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ் நண்பர் ஒருவருக்கு அவ்வாறே நேர்ந்தது. பொருளியல் துறையில் முதலாண்டின் இறுதியிலேயே கோட்பாட்டுத் தேர்வு வந்துவிடும். எங்கள் எல்லோரிலும் கணக்கில் வல்லவர் அவரே. இருப்பினும் இரண்டு முறையும் தேறவில்லை. அக்கோடையில் ஊரில் அவருடைய தங்கைக்குத் திருமணம். தந்தையார் பெருமிதத்தால், மகன் பட்டம் பெறுமுன்னரே அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன் "டாக்டர்" என்று அச்சிட்டு ஊரெங்கும் வழங்கியிருந்தார். நண்பர் திருமணத்திற்குச் செல்லவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று வீட்டிற்குத் தெரிவித்தார். அவ்வழைப்பிதழ் அவர் மேசையின் மீது நெடுநாள் இருந்ததை நாங்கள் கண்டோம். பின்னர் அவர் முதுநிலைப் பட்டத்துடன் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் ஆசிரியராகி, மாணவர் போற்றும்படி பணியாற்றினார். தேர்வில் இழந்ததை அவர் வேறு வழியில் ஈடு செய்தார். தங்கையின் திருமண நாளை ஈடு செய்ய வழியில்லை.

அன்புப் பெற்றோரே, அந்த இழப்பைத் தேர்வு உண்டாக்கவில்லை. அச்சிட்ட அந்த ஒரு சொல்லே உண்டாக்கிற்று. பிள்ளைகள் பெறாத பட்டத்தை நாம் முந்திக்கொண்டு சூட்டினால், தவறிய நாளில் அவர்கள் திரும்பி வரும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

அவையின் முன் நின்று விடையிறுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. குற்றம் களைந்து கேட்கும் புலவர் ஒருவர் எதிரே அமர்ந்திருக்க, நூலாசிரியர் தம் நூலை எடுத்துரைத்தார். திருவள்ளுவரும் அவையஞ்சாமை என ஓர் அதிகாரமே வகுத்து, அவையில் அஞ்சாது மறுமொழி கூறும் பொருட்டே நூல்களைக் கற்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகின்றார். ஒப்பிக்கும் பொருட்டு என்று அவர் கூறவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, குறட்பாக்களை மனனம் செய்யுங்கள். அதனோடு நில்லாது, ஒவ்வொரு குறளையும் பற்றி ஆசிரியரிடம் ஒரு வினாவேனும் கேளுங்கள். பெற்றோரே, இன்று மாலை வீடு திரும்பும் வழியில், "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு மாறாக, "இன்று விடை தெரியாத வினா எது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தயங்காமல் விடை தருமானால், முழுமைத் தேர்வுக்கான பயிற்சி அன்றே தொடங்கிவிட்டது எனலாம். நம் பள்ளி மேன்மேலும் ஓங்குக! நம் செல்வங்கள் எந்த அவையிலும் அஞ்சாது நிற்க நெஞ்சார வாழ்த்துகின்றோம்.