அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே...

கல்லூரி கம்ப்யூட்டர் லேப். பி.காம். கடைசி வருஷப் பையன் ஒருவன். கையில் 120 கேள்வித்தாள்கள். புராஜெக்ட் கொடுக்க இன்னும் இரண்டே நாள். கணக்குப் போட 'ஆர்' மென்பொருள் வேண்டும். 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் போடப் பார்த்தால், அதற்கு உரிமை இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

லேப் சாரிடம் போய் நின்றான். "பாஸ்வேர்டெல்லாம் தர முடியாதுப்பா... வேணும்னா உன் ஃபோல்டருக்குள்ளயே போட்டுக்க" என்றார்.

அப்படியும் முடியுமா? முடியும்!

இன்ஸ்டாலர் அப்படி என்னதான் செய்கிறது? ஃபைல்களை ஓர் இடத்தில் காப்பி செய்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவு, மெனுவில் ஒரு ஷார்ட்கட். பெரும்பாலும் அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் எழுதினால் அட்மின் உரிமை வேண்டும். அவரவர் ஃபோல்டரில் எழுத வேண்டாம். வாடகை வீட்டில் பீரோ வாங்கி வைக்க ஹவுஸ் ஓனரைக் கேட்பதில்லை; சுவரை இடிக்கத்தான் கேட்க வேண்டும். 'ஆர்' இன்ஸ்டாலரும் அப்படித்தான். சொந்த ஃபோல்டரைக் காட்டினால் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

லினக்ஸிலும் இதே கதை. சோர்ஸிலிருந்து நிறுவும் ஸ்கிரிப்ட்டுகள் வழக்கமாகப் பொது ஃபோல்டரைத் தேடிப் போகும். 'பிரிஃபிக்ஸ்' என்ற இடத்தில் ஹோம் டைரக்டரியைக் கொடுத்துவிட்டால் 'சுடோ' தேவைப்படாது. பைத்தானின் 'பிப்'புக்கு 'யூசர்' என்று தனி ஆப்ஷனே இருக்கிறது. ஆனால் டிரைவர், எல்லாருக்குமாக ஓடும் சர்வீஸ் போன்றவற்றிடம் இந்தப் பாச்சா பலிக்காது.

சரி, பாஸ்வேர்டை எதற்கு இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள்? 2001-ல் வந்த எக்ஸ்பியில் வீட்டுக்கு வீடு எல்லாரும் அட்மின்தான். வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாதான் ஒவ்வொன்றுக்கும் "அனுமதிக்கலாமா?" என்று கேட்டுத் தொல்லை செய்ய ஆரம்பித்தது. ஆடிட்டிங் படித்தவர்களுக்கு இது புதிதா என்ன? பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது என்கிற இன்டர்னல் செக்தானே இது!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்வேர்டு கேட்காத ஸ்கிரிப்ட் என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அட்மின் பூட்டு முக்கியமாகக் காப்பாற்றுவது விண்டோஸையும் பக்கத்து சீட்டுக்காரரின் ஃபைல்களையும்தான். பையனின் புராஜெக்ட், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாமே அவன் ஃபோல்டரில் இருக்கின்றன. அவன் பெயரில் ஓடும் ஸ்கிரிப்ட், அவன் தொடக்கூடிய எதையும் தொடும், அழிக்கும். விண்டோஸ் போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். புராஜெக்ட் போனால்?

பையன் விவரமானவன். யாரோ கொடுத்த லிங்க்கைத் தொடவில்லை. 'ஆர்' திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினான். அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்தான்... புராஜெக்ட்டை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் காப்பிக்கு யார் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை.