இடக்கை ரிங்கு சிங்

பேஸ்பால் ஆட்டத்தை ரிலீஃப் பிட்சர் தொடங்குவதில்லை. முதலில் எறிய வந்தவர் களைத்தாலோ அடி வாங்கினாலோ நடுவில் இறங்கி, ஓரிரு இன்னிங்ஸ் எறிந்துவிட்டுப் போவார். கிரிக்கெட்டைப் போல ஓய்வெடுத்துவிட்டு இரண்டாவது ஸ்பெல்லுக்கு வர முடியாது. வெளியே போனவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றில் இந்த வேலையைப் பார்த்த இந்தியர் ரிங்கு சிங்.

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்துக்காரர், ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற விளையாட்டு ஏஜென்ட் இந்தியாவில் நடத்திய ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில், 2008இல், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். தினேஷ் படேல் இரண்டாமவர். கலிஃபோர்னியாவில் பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் பயிற்சி. அந்த நவம்பரிலேயே இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இவர்களைப் பற்றி வந்த, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 2014ஆம் ஆண்டுப் படத்தின் கதை ஏறக்குறைய இத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மையான வேலை இதற்குப் பிறகுதான்.

2009 ஜூலையில் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் முதல் ஆட்டம், அதே மாதம் முதல் வெற்றி. அடுத்த ஆண்டு தினேஷை அணி விடுவித்துவிட்டது. ரிங்கு தாக்குப்பிடித்தார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 3 ரன். நல்ல கணக்கு. ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸ்கூட வராத அந்தக் கணக்கில், ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார்ந்திருந்த நேரம் சேராது. அழைப்பு வரும்போல இருந்தால் எழுந்து பத்துப் பதினைந்து பந்து எறிந்து கையைச் சூடாக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி பெஞ்சு. அந்த அணிக்கு மேல் மைனர் லீக்கிலேயே மூன்று படிகள் மிச்சம். அதற்கும் மேலேதான் மேஜர் லீக்.

அங்கே போகவிடாமல் தடுத்தது முழங்கை. கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் நோ-பால். சென்னை காட்டுப்பாக்கத்துக் காலிமனை ஆட்டத்தில் அதை ‘மாங்கா’ என்பார்கள், சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் வரும் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையில், சுனில் நரைன் போன்றவர்களின் பந்துவீச்சை இந்தக் கோணத்துக்காகவே சோதித்திருக்கிறார்கள். பேஸ்பாலில் முழங்கையை நிமிர்த்தி எறிந்தால்தான் சம்பளம். முழங்கையின் உட்புறத் தசைநார் ஒவ்வொரு எறிதலிலும் இழுபடும். அறுந்தால் உடம்பின் வேறிடத்து நாரை எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்கள். 1974இல் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த இந்தச் சிகிச்சை, நோயாளியின் பெயரால் இன்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சைதான்.

ரிங்குவுக்கும் அது நடந்தது. 2013 சீசன் முழுக்கப் போனது. பிறகும் காயங்கள் விடவில்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல், 2018இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போய், பின்னர் வீர் மகான் என்ற பெயரில் மேடையேறினார்.