ஓவனைப் போட்டால் மின்சாரம் போகிறதா?



மும்பையில் மழைக்காலம் ஏறக்குறைய நான்கு மாதங்கள். ஜூனில் மூடிவைத்த ஓவனை நம்மில் அநேகர் டிசம்பரில்தான், கிறிஸ்துமஸ் கேக்குக்காக, வெளியே எடுக்கிறோம். சுவிட்சைப் போட்டதும் வீடு முழுவதும் இருள். தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. மூன்றாம் முறை தூக்குமுன், விழுந்தது எது என்று பாருங்கள்.

வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் நான் வயர்மேன் வேலை கற்றவன். ஆகையால் இதை எழுதத் துணிகிறேன்.

மின்பெட்டியில் இரண்டு காவலர் உண்டு. எம்.சி.பி. என்பது வயர் தாங்கக்கூடியதைவிட அதிக மின்சாரம் ஓடினால் விழும். 1600 வாட் ஓவன் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கீசரும் ஓடினால் சில நிமிடங்களில் எம்.சி.பி. விழுவது இயல்பு. ஒன்றை நிறுத்தினால் தீர்ந்தது. (பெரிய பிளக்கை அடாப்டர் மாட்டிச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவோருக்கு ஒரு வார்த்தை: சாக்கெட் உருகும்.)

ஆர்.சி.சி.பி. வேறு. அதில் T என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தாலே கண நேரத்தில் துண்டித்துவிடும். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் அது. ஆனால் ஒரு மனிதனைக் கொல்ல அதற்கு மேல் அதிகம் தேவையில்லை.

ஓவனில் எங்கே கசிகிறது? சூடாக்கும் எலிமெண்ட் ஓர் உலோகக் குழாய், உள்ளே கம்பிச்சுருள், இரண்டுக்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு தூள். அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த ஓவன் முதல் நாளிலேயே ட்ரிப் ஆவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குழாயில் விரிசல் கண்டிருந்தாலும் அப்படியே ஆகும்.

சோதிப்பது எளிது. பிளக்கை உருவிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் ஓவன் குற்றமற்றது. வீட்டு வயரிங்கிலோ வேறு சாதனத்திலோ கோளாறு. நின்றால், ஓவனைச் செருகி மேல் எலிமெண்டை மட்டும், பின்பு கீழ் எலிமெண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். எதில் விழுகிறதோ பெரும்பாலும் அதுவே குற்றவாளி. சுவிட்சைப் போடாமலே விழுகிறதென்றால் குழம்பாதீர்கள்: சுவிட்ச் பேஸ் வயரை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் பக்கத்துக் கசிவு அப்படியே இருக்கும். இத்துடன் நம் வேலை முடிந்தது. ஓவனைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. மைக்ரோவேவ் ஓவனை எக்காரணத்தாலும் திறவாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேக் செய்து விற்று மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவந்த ஒரு சகோதரியின் வீட்டிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். சனிக்கிழமை ஒரு திருமண கேக் கொடுத்தாக வேண்டும். ஓவனோ ட்ரிப் ஆகிறது. வந்த எலக்ட்ரீஷியன், “எர்த் வயரைக் கழற்றி, ஆர்.சி.சி.பி.யையும் தாண்டி நேராக இணைத்துவிடுகிறேன், 200 ரூபாய் போதும்” என்று சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் ஓவன் ஓடும் என்பது மெய்தான். கசிவோ நிற்காது, ஓவனின் தகட்டிலேயே காத்திருக்கும், யாராவது தொடும்வரை. ஈரச் சமையலறைத் தரையில் அவர்களுடைய நான்கு வயதுப் பேரன் வெறுங்காலுடன் நின்றுகொண்டிருந்தான்.

“ஐயா, ஜெபித்துவிட்டுச் சுவிட்சைப் போடலாமா?” என்றார்கள்.

“பிளக்கை உருவிவிட்டு ஜெபிப்போம் அம்மா” என்றேன்.

மெக்கர் கருவி வைத்திருந்த வேறொருவர் வந்து அளந்தார். கீழ் எலிமெண்ட் கெட்டிருந்தது. ஈரம் மட்டுமல்ல, குழாயே வெடித்திருந்தது. புதியது மாட்ட இரண்டு நாள் ஆயிற்று. சனிக்கிழமை கேக்கைத் தெருமுனை பேக்கரியில் தட்டோடு கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள்.

இம்முறை ஓவனை எடுக்குமுன் அந்த T பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால் ஆர்.சி.சி.பி. உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனை அழையுங்கள், கேக் மறுநாள் ஆகட்டும். பெட்டியில் அப்படியொரு பொத்தானே காணோமென்றால், வாடகை வீடாயிருந்தாலும் உரிமையாளரிடம் கேட்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.